கரோக்கிப் பதிவில் கோளாறா? குரலைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

பதிவைக் கேட்டதும் "நமக்குப் பாட்டு வராது" என்று முடிவு கட்டி, மைக்கைப் பரணில் ஏற்றிவிடுகிறவர்கள் சென்னையில் நிறையப் பேர். மார்கழியில் சபா சபாவாகப் போய்த் தாளம் போட்டுக் கேட்பவர்கள், கொலுவில் பாடச் சொன்னால் சுருதி பிசகாமல் பாடுகிறவர்கள் இவர்கள். அதே குரல் வீட்டுக் கணினியில் பதிவானதும் தாளத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது. கார்வை, அதாவது நீட்டி நிற்கும் ஸ்வரம், பாதியில் அறுந்துபோகிறது. அடியில் ஓர் உறுமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை தொண்டையின் குற்றமே அல்ல. மைக்கில் தொடங்கி ஹெட்போனில் முடியும் பாதையில் ஏதோ ஓரிடத்தில் கோளாறு இருக்கிறது. அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் கணினியும் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளும் இருப்பதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஆடாசிட்டி 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டுப் பதிவுக்குத் தாராளமாகப் போதும். பதிப்புக்குப் பதிப்பு அமைப்புகள் இடம் மாறுவதுண்டு, பெயரை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும்.

எந்தக் கோளாறானாலும் முதலில் ஒரு சோதனை. டிராக்கை, அதாவது பாட்டின் பின்னணி இசையை, நிறுத்திவிட்டு, குரலை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். தனிக்குரல் நன்றாக இருந்தால் கோளாறு குரலும் டிராக்கும் சேரும் இடத்தில் இருக்கிறது. தனிக்குரலே கெட்டிருந்தால் மைக், கம்பி, அறை, விண்டோஸ் அமைப்பு ஆகிய நான்கில் ஒன்று. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

மைக் செருகியிருக்கிறது, பதிவில் ஒன்றுமே இல்லை

திரையில் அலைவடிவம் வராமல் நேர்கோடு மட்டும் ஓடினால் முதலில் அனுமதியைப் பாருங்கள். விண்டோஸின் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் மைக்ரோஃபோன் என்று ஓர் இடம் இருக்கிறது. அதன் அடியில் டெஸ்க்டாப் செயலிகளுக்கென்று தனியாக ஓர் அனுமதி உண்டு. மேலே உள்ளதைத் திறந்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அனுமதி இல்லாவிட்டால் பல நேரங்களில் எச்சரிக்கை எதுவும் வராது. வெறும் அமைதிதான் பதிவாகும்.

கோடு லேசாக அசைகிறது, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றால் வேறொரு சந்தேகம். பதிவை ஓடவிட்டு மைக்கின் வலையை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். பிறகு மடிக்கணினியின் திரை ஓரத்தைச் சுரண்டுங்கள். இரண்டாவதற்குத்தான் அலை துள்ளுகிறது என்றால், நீங்கள் இவ்வளவு நேரம் பாடியது மடிக்கணினிக்குள் இருக்கும் சின்ன மைக்கில். ஆடாசிட்டியில் பதிவுச் சாதனத்தை மாற்றுங்கள்.

செருகுமுனையையும் உற்றுப் பாருங்கள். மடிக்கணினிகளில் இப்போது ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான். அதற்கு மூன்று கறுப்பு வளையங்கள் கொண்ட முனை வேண்டும். காலர் மைக்குகள் பலவற்றில் இரண்டு வளையங்களே இருக்கும். அதைச் செருகினால் கணினி அதை மைக்காகவே அடையாளம் காணாது. ஒரு துளையை இரண்டாகப் பிரிக்கும் சின்ன இணைப்பான் போதும். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கையோடு மைக்கையும் மடிக்கணினியையும் கொண்டுபோய், கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

மூன்று முள் கொண்ட பெரிய பிளக் உள்ள கண்டென்சர் மைக் என்றால் அதற்கு 48 வோல்ட் மின்னழுத்தம் வெளியிலிருந்து தர வேண்டும். அத்தகைய மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கும். யுஎஸ்பி மைக்குக்கு இந்தக் கவலை இல்லை.

குரல் தாளத்துக்குப் பின்னால் விழுகிறது

டிராக்கைக் கேட்டபடி சரியாகத்தான் பாடினீர்கள். திரும்பப் போட்டால் ஒவ்வோர் எடுப்பும் பின்தங்கியே விழுகிறது. நல்ல லயம் உள்ளவர்களின் மனத்தைக்கூட உடைத்துவிடும் கோளாறு இது. லயம் உள்ளவர்களுக்குத்தான் இது அதிகமாக வலிக்கும் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கணினி ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்துத்தான் அனுப்பும். டிராக் உங்கள் காதுக்கு வந்து சேர ஒரு தாமதம். நீங்கள் பாடியது மைக்கிலிருந்து கோப்புக்குள் போய்ச் சேர இன்னொரு தாமதம். இரண்டும் சேர்ந்து 100 மில்லிநொடியைத் தாண்டுவது வீட்டுக் கணினியில் சாதாரணம். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகிறது. அப்படிப் பார்த்தால் 100 மில்லிநொடி என்பது மிருதங்கக்காரரை முப்பது மீட்டருக்கு அப்பால் உட்கார வைத்துவிட்டுப் பாடுவதற்குச் சமம். நிமிடத்துக்கு 120 தட்டுகள் ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கு 500 மில்லிநொடி. 125 மில்லிநொடி தள்ளினால் கால் தட்டு போய்விட்டது. எந்தப் பாடகரும் அதைத் தாங்க முடியாது.

புளூடூத் ஹெட்போனைப் போட்டுக்கொண்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். அது மட்டுமே 150 முதல் 250 மில்லிநொடி வரை தாமதிக்கக்கூடும். அதோடு, அதன் மைக்கையும் பயன்படுத்தத் தொடங்கினால் அது தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். டிராக்கும் சேர்ந்து சோகையாகிவிடும். பதிவு என்று வந்தால் கம்பி வைத்த ஹெட்போன்தான். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, காதை மூடுவதாக இருந்தால் போதும்.

அடுத்தது, தாமதத்தை அளப்பது. ஆடாசிட்டி தன் அமைப்புகளில் லேட்டன்சி காம்பன்சேஷன் என்ற இடத்தில் -130 மில்லிநொடி என்று ஓர் எண்ணைத் தானாகவே போட்டு வைத்திருக்கும். அது எல்லாருக்குமான ஊகம். உங்கள் கணினியின் எண் வேறு. அதை 0 என்று மாற்றுங்கள். ஜெனரேட் பட்டியலில் ரிதம் டிராக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் டக், டக் என்று சீரான தட்டுகள் கொண்ட ஒரு டிராக் உருவாகும். ஹெட்போனின் ஒரு காதை மைக்கின் மேல் ஒட்டினாற்போல் வைத்துப் பிடித்துக்கொண்டு, மற்ற டிராக்குகள் ஒலித்தபடியே புதிய டிராக்கில் பத்து நொடி பதிவு செய்யுங்கள். இப்போது திரையில் மேலே அசல் தட்டு, கீழே மைக்கில் விழுந்த தட்டு. ஒரே ஒரு தட்டு திரையை நிரப்பும் வரை பெரிதாக்குங்கள். மேலே அலை எழும் இடத்திலிருந்து கீழே அலை எழும் இடம் வரை சுட்டியை இழுத்தால், தேர்ந்தெடுத்த நீளம் அடியில் மில்லிநொடியில் தெரியும். அது 118 என்று வந்தால் அமைப்பில் -118 என்று எழுதுங்கள். மறுபடி ஒருமுறை பதிவு செய்து பாருங்கள். இரண்டு தட்டுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும்.

மைக்கையோ ஹெட்போன் செருகும் துளையையோ மாற்றினால் இந்த எண்ணும் மாறும்; மறுபடி அளக்க வேண்டும். ஏற்கெனவே பாடி முடித்த பதிவை வீணாக்க வேண்டியதில்லை. குரல் துண்டின் தலைப்பைப் பிடித்து, அது எவ்வளவு பின்தங்கியிருக்கிறதோ அவ்வளவு இடப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். பல பேருக்கு அந்த ஒரு நொடியில்தான் தங்கள் லயத்தின் மேல் நம்பிக்கை திரும்புகிறது.

பாடும்போதே உங்கள் குரல் ஹெட்போனில் பின்னாலிருந்து துரத்துகிறதா? அது வேறு. மென்பொருள் உங்கள் குரலை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. சாஃப்ட்வேர் பிளேத்ரூ என்பதை அணைத்துவிடுங்கள். உங்கள் மைக்கிலோ இன்டர்ஃபேஸிலோ ஹெட்போன் துளை இருந்தால் அங்கே செருகுங்கள்; பல கருவிகளில் குரல் கணினிக்குள் போகாமலே நேராகக் காதுக்கு வந்துவிடும். அதுவும் இல்லையா, ஹெட்போனின் ஒரு காதைப் பாதி விலக்கி வைத்துப் பாடுங்கள். இன்னொன்று, டிராக்கை மிகவும் உரக்க வைத்துக் கேட்டால் சுருதி நழுவும். உங்கள் குரல் உங்களுக்கே கேட்கும் அளவுக்கு டிராக்கைத் தணித்து வையுங்கள்.

பல்லவியில் சேர்ந்திருக்கிறது, கடைசிச் சரணத்தில் விலகிவிட்டது

தொடக்கத்தில் பொருந்திய பதிவு போகப் போக நழுவினால், நகர்த்திச் சரி செய்ய முடியாது. யுஎஸ்பி மைக்கில் பாடி, மடிக்கணினியின் துளையில் டிராக்கைக் கேட்பவர்களுக்கு இது வரும். இரண்டு கருவிகளுக்கும் தனித்தனிக் கடிகாரம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால்கூட நான்கு நிமிடப் பாட்டில் 24 மில்லிநொடி விலகும். பாடுவதும் கேட்பதும் ஒரே கருவி வழியாக நடந்தால் இது தீர்ந்தது.

டிராக்கின் சுருதியே இறங்கிவிட்டது

பாட்டு மெதுவாகி, சுருதியும் தாழ்ந்து ஒலித்தால் ஒலியின் மாதிரி விகிதம், அதாவது ஒரு நொடியில் ஒலியை எத்தனை முறை அளந்து பதிகிறது என்ற எண், முட்டிக்கொள்கிறது. 48,000 ஹெர்ட்ஸில் பதிவான கோப்பை 44,100 ஹெர்ட்ஸ் என்று நினைத்து ஒலித்தால், நான்கு நிமிடப் பாட்டு 4 நிமிடம் 21 நொடி ஓடும். சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கும். இரண்டு கட்டையில் பாட வந்தவர் என்ன செய்வார்? விண்டோஸ் ஒலி அமைப்பில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும், ஆடாசிட்டியில் திட்டத்துக்கும் ஒரே எண்ணை வையுங்கள். 48,000 என்றால் எல்லா இடத்திலும் 48,000.

கார்வை அறுபடுகிறது, இடையிசையில் மின்விசிறிச் சத்தம் ஏறுகிறது

ஒரு ஸ்வரத்தில் நீளமாக நிற்கிறீர்கள். முதல் ஒரு நொடி நன்றாக வருகிறது, பிறகு யாரோ மெல்ல மூடியதுபோல் தேய்ந்துவிடுகிறது. மெலிதாக ஹம்மிங் செய்தால் அது பதிவிலேயே இல்லை. பாடி நிறுத்தினால் அறையின் இரைச்சல் எழும்பி வருகிறது. உச்சஸ்தாயிக்குப் போனால் அங்கே குரல் சிறுத்துவிடுகிறது. மூச்சுப் பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொண்டு பிராணாயாமம் செய்தவர்களைக்கூட எனக்குத் தெரியும். மூச்சு நன்றாகத்தான் இருந்தது.

கணினியின் மைக் அமைப்புகள் பேசுவதற்காகச் செய்யப்பட்டவை. பேச்சில் சொற்கள் வந்துவந்து போகும். மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது பெரும்பாலும் மின்விசிறியும் ஏசியும்தான். ஆகவே இரைச்சல் நீக்கும் வசதி, அசையாமல் நிற்கும் எந்த ஒலியையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டுகிறது. கார்வை சுத்தமாக நிற்க நிற்க அதன் கண்ணில் படும். தானியங்கி ஒலியளவு வசதி, நீங்கள் பாடாதபோது ஏற்றுகிறது, உரக்கப் பாடினால் இறக்குகிறது. பாட்டின் ஏற்ற இறக்கம் அத்தனையும் அங்கே தரைமட்டமாகிறது.

விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் மைக்கைத் திறந்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை அணையுங்கள். மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்கு ஒரு ஒலிச் செயலியைப் போட்டு வைத்திருப்பார்கள். அதற்குள்ளும் இரைச்சல் நீக்கம் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் அணைத்துவிட்டுக் கோளாறு தீரவில்லை என்று சலித்துக்கொள்ளாதீர்கள். பிரவுசருக்குள் பாடும் இணையதளங்களிலும் எதிரொலி நீக்கம் வழக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். அங்கே பாடிப் பழகுங்கள். பத்திரப்படுத்த வேண்டிய பதிவைக் கணினியின் சொந்த மென்பொருளில் எடுங்கள்.

பதிவு தொடங்கியதும் டிராக் தானாகத் தணிகிறது என்றால் அது பழைய சவுண்ட் பலகத்தில் கம்யூனிகேஷன்ஸ் என்ற தாவலில் இருக்கிறது. அழைப்பு வந்ததாக எண்ணி மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் ஏற்பாடு அது. "ஒன்றும் செய்யாதே" என்று பொருள்படும் கடைசி வரியைத் தேர்ந்தெடுங்கள்.

குரலோடு டிராக்கும் சேர்ந்து மைக்கில் விழுகிறது

ஸ்பீக்கரில் டிராக்கை விட்டுப் பாடினால் இதைத் தவிர்க்க முடியாது. கலக்கும்போது அதே இசை இரண்டு முறை, சிறு இடைவெளியில் ஒலித்து, மொத்தமும் குழாய்க்குள் ஓடியதுபோல் ஆகிவிடும். பிறகு எந்த வித்தையும் பலிக்காது. ஹெட்போன் போட்டுத் திரும்பப் பாடுவதே வழி.

அடியில் "ம்ம்ம்" என்ற உறுமல், அல்லது "ஸ்ர்ர்" என்ற கரகரப்பு

மெல்லிய, ஆழமான உறுமல் என்றால் மின்சாரத்தில் சந்தேகம் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. அந்த உறுமலும் 50, 100 ஹெர்ட்ஸில்தான் இருக்கும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். உறுமல் நின்றதா? சார்ஜர் அல்லது எர்த். கணினியின் உலோக உடம்பை விரலால் தொட்டதும் சத்தம் மாறினாலும் எர்த்தில்தான் குறை. பழைய அடுக்ககங்களில் மூன்று துளை இருந்தும் எர்த் கம்பி ஒழுங்காகப் போகாத பிளக் பாயிண்டுகள் உண்டு. எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் போகிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிடுவது கூடவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

கரகரப்பு வேறு ஆள். அதற்கு மின்விசிறியின் ரெகுலேட்டர் காரணமாக இருக்கக்கூடும். குமிழைத் திருகித் திருகி வேகம் மாற்றும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் சில, மின்னலையை நறுக்கித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. அந்த நறுக்கல் மைக் கம்பிக்குள் இரைச்சலாக ஏறுகிறது. சோதிப்பது எளிது. பதிவை ஓடவிட்டு, விசிறியை 5இல் வையுங்கள், பிறகு 2இல் வையுங்கள், பிறகு அணையுங்கள். 2இல் கரகரப்பு அதிகமாகி, அணைத்தால் மறைந்துவிட்டால் ஆள் அகப்பட்டுவிட்டார். ஒவ்வொரு படியாக டக் டக்கென்று மாறும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை வராது. மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கரகரக்கிறது என்றால், அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கலாம். அந்த நேரத்தில் பேட்டரியில் பதிவு செய்யுங்கள்.

விசிறியின் காற்றுச் சத்தம் மட்டும் விழுகிறது என்றால் அது மின்சாரக் கோளாறு அல்ல, சென்னை வெயிலின் கோளாறு. கத்திரி வெயிலில் விசிறியை அணைத்துப் பாடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஏசி இருந்தால் அறையை நன்றாகக் குளிர வைத்து, பாடும் நான்கைந்து நிமிடம் மட்டும் நிறுத்துங்கள். இல்லையென்றால் விசிறியைக் குறைந்த வேகத்தில் விட்டு, மைக்கின் முதுகு விசிறியைப் பார்க்கும்படி வைத்து, மைக்குக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வந்து பாடுங்கள். தெருச் சத்தத்துக்கும் இதே மருந்து. காய்கறி வண்டியின் ஒலிபெருக்கியும், அடுக்ககத்தின் தண்ணீர் மோட்டாரும் எந்த நேரத்தில் ஓயும் என்று உங்களைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அதற்கேற்ப நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

குரல் தூரத்தில் நிற்கிறது, அறை முழுக்க எதிரொலி

டைல்ஸ் தரை, காரைச் சுவர், கண்ணாடி ஜன்னல். நம் வீடுகளில் ஒலி படிய இடமே இல்லை. பாடுகிறவருக்குப் பின்னால் உள்ள சுவர்தான் முக்கியம், ஏனென்றால் மைக் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு கனத்த ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள்; பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்தால் இன்னும் நல்லது. இரும்பு பீரோ பக்கத்தில் வேண்டாம். சில ஸ்வரங்களுக்கு அது தானும் சேர்ந்து அதிரும்.

கண்டென்சர் மைக்கின் உச்சியில் வாயை வைத்துப் பாடுகிறீர்களா? பல மைக்குகள் பக்கவாட்டில் கேட்பவை. நிறுவன முத்திரை உள்ள பக்கத்தைப் பார்த்துப் பாட வேண்டும்.

உச்சத்தில் குரல் கிழிகிறது, "ப" வரும் இடமெல்லாம் வெடிக்கிறது

கிழிந்த பதிவை ஒட்டவைக்க முடியாது. பாடும் முன்பே மைக்கின் ஒலியளவைக் குறைக்க வேண்டும். பாட்டிலேயே மிக உரத்த வரியை, முழுக்குரலில், பாடிப் பாருங்கள். அளவுகோல் -12க்கும் -6 டெசிபலுக்கும் இடையே நின்றால் சரி. சாதாரணக் குரலில் "ஹலோ, ஹலோ" என்று சொல்லி அளவு வைத்தால் அனுபல்லவியிலேயே உச்ச எல்லையான 0ஐத் தொட்டுவிடும். அளவு சிறியதாகப் பதிவானால் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம், கவலை இல்லை.

"ப" வெடிப்பதற்கு, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கடைவாய்ப் பக்கம் சற்றுத் திருப்பி வையுங்கள்.

சொடக்குப் போட்டதுபோல் இடையிடையே வெட்டு

கணினி திணறுகிறது. மற்ற செயலிகளையும் பிரவுசரையும் மூடுங்கள், ஆடாசிட்டியில் பஃபர் நீளத்தை, அதாவது சேர்த்து வைத்து அனுப்பும் ஒலித்துண்டின் நீளத்தை, கூட்டுங்கள், யுஎஸ்பி மைக்கை ஹப்பில் செருகாமல் நேராகக் கணினியில் செருகுங்கள். இத்தனைக்குப் பிறகும் படபடவென்று பொரிகிறது, அதுவும் ஏசி அறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்த கண்டென்சர் மைக்கில் என்றால், கடற்கரை ஊரின் ஈரப்பதம் உள்ளே படிந்திருக்கலாம். அரை மணி நேரம் அப்படியே உலரவிட்டுப் பாருங்கள். வைக்கும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

குரல் இடது காதில் மட்டும்

ஒற்றை மைக்கை ஸ்டீரியோவாகப் பதிவு செய்திருக்கிறீர்கள். டிராக்கின் பட்டியலில் ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரிக்கும் கட்டளை இருக்கிறது. பிரித்து, வெறுமையாக உள்ளதை நீக்குங்கள். குரல் நடுவில் வந்துவிடும். அடுத்த முறை பதிவுக்கு முன்பே மோனோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் குரல் டிராக்கோடு ஒட்டவில்லை

கோளாறு எதுவும் இல்லை, கலவைதான் பாக்கி. டிராக்கை 3 முதல் 6 டெசிபல் வரை இறக்குங்கள். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டி எடுத்துவிடுங்கள்; அங்கே விசிறியும் மேசை அதிர்வும்தான் இருக்கின்றன. மெல்லிய சொல்லும் உரத்த சொல்லும் ஒன்றுக்கொன்று தூரமாக இருந்தால், அந்த வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸரை லேசாகப் போடுங்கள். ரிவெர்பை, அதாவது செயற்கை எதிரொலியை, கடைசியில், பதிவின் நகல் ஒன்றில் மட்டும் சேருங்கள். ரிவெர்பின் அளவை ஹெட்போனில் மட்டும் கேட்டுத் தீர்மானிக்காதீர்கள். ஒருமுறை ஸ்பீக்கரில், ஒருமுறை கைபேசியில் போட்டுக் கேளுங்கள். மூன்றிலும் சொற்கள் தெளிவாகப் புரியும்வரை அதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.